கடற்கரை மணலும் சீனத்து ஒற்றும்

சீன நாட்டின் உளவுப் பணியைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பவை மிகச் சில. அவையும் ஆங்கில நாளேடுகளின் வழியாக வந்தவை. அந்நாளேடுகளோ அமெரிக்க வழக்குமன்ற ஆவணங்களையும், அந்நாட்டு உளவுத்துறைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் எழுதிய நூல்களையும் பெரிதும் சார்ந்து நிற்பவை. ஆகவே சீன ஒற்றர் எவரையும் நாம் நேரே காண்பதில்லை. அவரைக் காண முயலும் அமெரிக்கரின் கண்கொண்டே காண்கிறோம். அக்கண் எத்துணைத் தெளிவுடையது என்று வினவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எஃப்.பி.ஐ. எனப்படும் அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையில் சீனத்தைப் பற்றிய ஆய்வாளராக நெடுங்காலம் இருந்த பால் மூர் என்பவர் பரப்பிய உவமை ஒன்று உண்டு. ஒரு கடற்கரையின் மணலை ஆராய்ந்தறிய மூன்று நாடுகள் விரும்புகின்றன என்று கொள்வோம். ரஷ்யர் நள்ளிரவில் நீர்மூழ்கிக் கப்பலை அனுப்பி, வீரர்களைக் கரையேற்றி, வாளி வாளியாக மணலை அள்ளிச் செல்வர். அமெரிக்கர் செயற்கைக்கோளை ஏவி வானிலிருந்து படமெடுப்பர். சீனரோ பட்டப்பகலில் ஆயிரம் பேரைக் கடலாட அனுப்புவர். ஒவ்வொருவரும் ஒரே ஒரு மணல் துகளைக் கொணர வேண்டும். மாலையில் வீடு திரும்பி ஆயிரம் பேரும் துண்டை உதறினால் போதும். அக்கடற்கரையைப் பற்றி ஏனைய இருவரும் அறிந்ததினும் மிகுதியாகச் சீனர் அறிந்துவிடுவர்.

கேட்பதற்கு இனிய உவமைதான். நூலெழுதுவோரும் செய்தியாளரும் சட்டமன்றத்தாரும் இதனை எடுத்தாண்டு, 'ஆயிரம் மணல் துகள்' என்பதையே சீன உளவுக்கு இலக்கணமாக்கிவிட்டனர். ஆனால் உவமை இலக்கணம் கற்ற நம் மாணவர்க்கு இதனை அப்படியே விழுங்க இயலாது. உவமைக்கும் பொருளுக்கும் இடையிலான பொதுத்தன்மை பொய்த்துவிட்டால், உவமை எத்துணை அழகுடையதாயினும் வழுவே. சீனருக்குப் பயிற்சி பெற்ற ஒற்றர் தேவையில்லை, வெளிநாடு செல்லும் மாணவரும் வணிகரும் பேராசிரியருமே போதும் என்பது இவ்வுவமையின் உட்கிடை. அவர்கள் எல்லாரும் சீன இனத்தவராகவே இருப்பர் என்பது அதனினும் ஆழ்ந்த உட்கிடை. மணல் என்று சொல்லிவிட்ட பிறகு எத்துகள் ஐயத்துக்குரியது, எத்துகள் ஐயத்துக்குரியதன்று என்று யார் பிரித்துக் காட்ட வல்லார்?

வரலாறு என்ன சொல்கிறது? சீனப் பொதுவுடைமைக் கட்சியின் ஒற்றுத்துறை 1927இல் ஷாங்காய் நகரில் சௌ என்லாயின் பொறுப்பில் தோன்றியது. அப்போது கட்சி வேட்டையாடப்பட்டுக்கொண்டிருந்தது. ஒற்றறிதல் அதற்கு உயிர்காக்கும் கலை. கோமின்டாங் அரசின் புலனாய்வுத் தலைவர் சூ என்செங் என்பாரின் அந்தரங்கச் செயலாளராகச் சியான் ஜுவாங்ஃபெய் என்பவர் அமர்ந்திருந்தார். அவர் கட்சியின் ஆள் என்பது தலைவருக்குத் தெரியாது. 1931 ஏப்ரலில், ஒற்றுத்துறையின் முன்னணியில் இருந்த கு ஷுன்ஜாங் என்பவர் வூஹான் பகுதியில் பிடிபட்டு, தாம் அறிந்த அனைத்தையும் காட்டிக்கொடுக்க இசைந்தார். இந்த மனிதர் மேடையில் செப்படி வித்தை காட்டுவதிலும் வல்லவராம்! அச்செய்தியைத் தாங்கிய தந்திகள் நான்ஜிங் தலைமையகத்துக்கு வந்தபோது தலைவர் அங்கில்லை. செயலாளரே அவற்றின் குறிமொழியை அவிழ்த்துப் படித்தார். தம் மருமகனை அவ்விரவே ஷாங்காய்க்கு அனுப்பினார். காவலர் சென்று சேர்வதற்குள் சௌ என்லாயும் ஏனையோரும் இருப்பிடம் மாறித் தப்பினர். தந்திகளைத் தலைவரிடம் சேர்த்துவிட்டுச் செயலாளரும் மறைந்தார். இதில் மணல் துகள் எங்கே உள்ளது? பகைவனின் மேசைக்கே சென்று அமர்ந்து, பேசாதிருந்து, உரிய நாளில் ஒரே ஒரு செய்தியைச் சேர்ப்பித்த ஒற்றரையே காண்கிறோம். உலகின் எந்த உளவுத்துறையும் தன்னுடைய பாடநூலில் சேர்த்துக்கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது.

அமெரிக்காவுக்குள்ளேயே நிகழ்ந்ததும் இவ்வகையினதே. லாரி வூ-தாய் சின் என்பவர் சி.ஐ.ஏ. நிறுவனத்தின் வெளிநாட்டு ஒலிபரப்புப் பிரிவில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கமுக்க ஆவணங்களைச் சீனத்துக்கு அளித்துவந்தார். சீனத்துடன் உறவு கொள்ள நிக்சன் எண்ணியதைப் பற்றிய ஆவணமும் அவற்றுள் ஒன்று. 1981இல் விருதுடன் ஓய்வு பெற்றார். அவரை அமெரிக்கர் தம் திறத்தால் கண்டுபிடிக்கவில்லை. யூ சியாங்ஷெங் என்னும் சீன உளவு அதிகாரி அமெரிக்காவின் பக்கம் சேர்ந்து தகவல் கொடுத்த பின்னரே, 1985 நவம்பரில் அவர் பிடிபட்டார். 1986 பிப்ரவரியில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, அம்மாதமே சிறையில் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். ஒருவரை முப்பது ஆண்டுகள் பேணிக் காத்த உளவுத்துறையைத் தொழில் அறியாதது என்று எவ்வாறு கூறுவது?

சின் சீன இனத்தவர்தாமே என்று மணல் துகள்காரர் வாதிடலாம். அவர்க்கு விடையாகப் பிற்கால வழக்குகள் உள்ளன. கிளென் டஃபி ஷ்ரைவர் என்னும் அமெரிக்க இளைஞர் ஷாங்காயில் படித்தவர். அமெரிக்க–சீன உறவைப் பற்றிக் கட்டுரை எழுத ஆள் தேவை என்று ஆங்கிலத்தில் வந்த விளம்பரத்தைக் கண்டு எழுதிக் கொடுத்தார். 120 டாலர் பெற்றார். அதன்பின் அறிமுகமானோர், அமெரிக்க அரசுப் பணியில் சேருமாறு அவரைத் தூண்டினர். வெளியுறவுப் பணித் தேர்வில் அவர் இருமுறை தோற்றபோதும் பணம் கொடுத்தனர். இறுதியில் சி.ஐ.ஏ.வுக்கே விண்ணப்பித்தார். பெற்ற தொகை மொத்தம் 70,000 டாலர். ஒரு கமுக்க ஆவணத்தையும் தொடுவதற்கு முன்பே பிடிபட்டு, 2011இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தேர்வில் தோற்ற மாணவனுக்கும் பணம் கொடுத்துப் பத்தாண்டுகள் கழித்து வரக்கூடிய விளைச்சலுக்குக் காத்திருப்பதைத் துண்டை உதறும் வேலை என்று எவர் சொல்வார்? கெவின் மல்லோரி என்பவரோ சி.ஐ.ஏ.வில் பணியாற்றியவர், கடன்பட்டிருந்தவர். 2017இல் லிங்க்டு-இன் என்னும் தொழில்முறைத் தொடர்புத்தளத்தின் வழியாக அவரை அணுகினர், ஷாங்காய்க்கு அழைத்தனர், கமுக்கமாகச் செய்தி அனுப்புதற்குரிய கைப்பேசியையும் கொடுத்தனர். 2019இல் அவருக்கு இருபதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இவ்விருவரும் சீன இனத்தவர் அல்லர். சீன முகங்களையே உற்றுநோக்கிக்கொண்டிருந்த கண்கள் இத்தகையோரைப் பார்க்கத் தவறுவது இயல்பே.

இன்னொரு வழக்கு இத்துறையின் அமைப்பையே வெளிச்சமிட்டுக் காட்டியது. சூ யான்ஜுன் என்பவர் சீன அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஜியாங்சு மாநிலத் துறையைச் சேர்ந்த அதிகாரி. வானூர்தி இயந்திரத்தின் விசிறிப் பகுதியைப் பற்றிய நுட்பத்தைப் பெறுவதற்காக ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரை நான்ஜிங்கில் சொற்பொழிவாற்ற அழைத்தார். 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தில் கைதாகி அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2022இல் இருபதாண்டுத் தண்டனை பெற்றார்; 2024 நவம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில் நாடு திரும்பினார். 1983இல் தோன்றிய அவ்வமைச்சகம் ஒரே தலையும் ஒரே கையும் உடைய பூதமன்று என்பது இவ்வழக்கால் புலனாயிற்று. ஜியாங்சு ஒரு வகையில் வேலை செய்கிறது. ஷாங்காய் வேறு வகையில் வேலை செய்கிறது. படைத்துறைக்குத் தனி உளவுப் பிரிவுகள் உண்டு. 2013இல் மாண்டியன்ட் என்னும் நிறுவனம் வெளிப்படுத்திய ஷாங்காயின் 61398ஆம் பிரிவு படைத்துறையைச் சார்ந்தது. ஐக்கிய முன்னணித் துறையோ கட்சியின் அங்கம்; வெளிநாடு வாழ் சீனரிடையே செல்வாக்குத் தேடுவது அதன் பணி. இவையனைத்தையும் ஒரே சொல்லில் அடக்கிச் 'சீன உளவு' என்று பேசும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சி சற்றே துணைசெய்யும். தமிழில் ஒற்று, வேவு, உளவு, துப்பு என்று சொற்கள் பல உள. வேவுகாரன் தொலைவிலிருந்து நோக்குபவன். ஒற்றன் உள்ளே புகுந்து ஒட்டி நிற்பவன். துப்போ எஞ்சிய தடயத்தைப் பற்றியது. சீன மொழியின் நிலை வேறு. 'சிங்பாவ்' என்னும் ஒரே சொல் நூலகத்துத் தகவலையும் குறிக்கும். ஒற்றர் கொணரும் செய்தியையும் குறிக்கும். 1991இல் பாதுகாப்பு அறிவியல் தொழில்நுட்பச் 'சிங்பாவ்' பெறும் வழிகளைப் பற்றிச் சீன ஆசிரியர் இருவர் ஒரு பாடநூல் எழுதினர். தேவைப்படுவனவற்றுள் நூற்றுக்கு எண்பது பங்கோ அதற்கு மேலோ வெளிப்படையாகக் கிடைக்கும் ஏடுகளிலிருந்தே பெறலாம் என்பது அதன் கருத்து. நூற்பட்டி, ஆய்விதழ், மாநாட்டு அறிக்கை ஆகியவற்றைத் திரட்டும் முறையைப் பற்றியே அது பெரிதும் பேசுகிறது. மேலை நாட்டார் சிலர் அதற்குச் 'சீன ஒற்றர் கையேடு' என்று பெயர் சூட்டினர். நூலகரை ஒற்றராக்கிய பெருமை மொழிபெயர்ப்பைச் சாரும்! பிறநாட்டு இதழைச் சந்தா செலுத்திப் படிப்பது திருட்டாயின், நம் கல்லூரி நூலகங்களையும் முத்திரையிட்டு மூட வேண்டியதுதான்.

சீன உளவைப் பற்றி எழுதுவோர் பலர் முதற்பக்கத்திலேயே சுன் சூவை அழைத்துவந்து நிறுத்துவதையும் காண்கிறோம். அவருடைய போர்க்கலை நூலின் பதின்மூன்றாம் இயல் ஒற்றரைப் பற்றியது; ஒற்றர் ஐவகையர் என்று அது வகுக்கிறது. அருமையான நூல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2017இல் லிங்க்டு-இன் வழியாகக் கடன்காரர் ஒருவரை அணுகிய அதிகாரி, ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டா அணுகினார்? திருவள்ளுவரும் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதனைக் கொண்டு இன்றைய இந்திய உளவுத்துறையின் செயல்முறையை விளக்கப் புகுந்தால் நாம் நகைப்போம். சீனரைப் பற்றி அவ்வாறு எழுதினால் மட்டும் ஆழ்ந்த புலமை என்று வியக்கிறோம். பிறர் எல்லாரும் காலத்தோடு மாறுவர், சீனர் மட்டும் மாறார் என்ற எண்ணம் இதன் அடியில் கிடக்கிறது. சுன் சூவை விட்டு வள்ளுவரிடம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்தே கொள்ள வேண்டும் என்பார் அவர். சீன உளவை ஆராய்வோர் கையில் உள்ள சான்றுகளோ பெரும்பாலும் பிடிபட்டோரைப் பற்றியவை. பிடிபட்டவர் பெரும்பாலும் திறமையற்றவர். அவரை வைத்து முழுத் துறையையும் மதிப்பிட்டால், சீனர் தொழில் அறியாதவர் என்ற முடிவுக்கே வர நேரும்.

இப்பிழையான பார்வைக்கு விலை கொடுத்தவர் யார் என்பதே நாம் நின்று நோக்க வேண்டியது. வென் ஹோ லீ என்பவர் லாஸ் அலமோஸ் அணுவாய்வுக்கூடத்தின் அறிவியலாளர். பிறந்தது தைவானில்; சீன மக்கள் குடியரசில் அன்று. அணுகுண்டு மறையைச் சீனத்துக்குக் கொடுத்தார் என்ற ஐயம் அவர்மேல் விழுந்து, 1999 டிசம்பரில் 59 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. ஒன்பது மாதங்கள் தனிச்சிறையில் கிடந்தார். ஒற்றராகச் செயல்பட்டார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. கோப்புகளை முறைதவறிக் கையாண்டதாக ஒரே ஒரு குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ள, 2000 செப்டம்பரில் விடுதலையானார். அவரைச் சிறையில் வைத்த முறைக்காக நீதிபதி ஜேம்ஸ் பார்க்கர் திறந்த மன்றத்தில் அவரிடம் மன்னிப்புக் கோரினார். ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக இருந்தவர் ஷி ஷியாவோஷிங். 2015 மே மாதத்தில் ஒரு விடியற்காலை, துப்பாக்கி ஏந்தியோர் அவர் இல்லத்துள் புகுந்து மனைவி மக்கள் கண்முன் அவரை விலங்கிட்டனர். ஒரு கருவியின் வரைபடத்தைச் சீனருக்கு அனுப்பினார் என்பது குற்றச்சாட்டு. அவர் அனுப்பிய வரைபடம் அக்கருவியினுடையதே அன்று என்று துறை வல்லுநர் எடுத்துக்காட்டியபின் அவ்வாண்டு செப்டம்பரில் வழக்கு கைவிடப்பட்டது. இயற்பியல் அறிந்த ஒருவரை முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்த விடியற்காலை நேர்ந்திராது.

தனி நிகழ்ச்சிகள் என்று இவற்றை ஒதுக்கவும் இயலாது. 2018 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை 'சீன முன்னெடுப்பு' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. எம்.ஐ.டி. நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழ் 2021இல் அவ்வழக்குகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, குற்றம் சாட்டப்பட்டோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் சீன வழியினர் எனத் தெரிந்தது. பேராசிரியர் பலர்மேல் சுமத்தப்பட்டது உளவுக் குற்றமே அன்று. சீனப் பல்கலைக்கழகத் தொடர்பைப் படிவத்தில் குறிப்பிடவில்லை என்பதே. டென்னசி பல்கலைக்கழகத்தின் ஹு அன்மிங் 2021இல் விடுதலையானார். எம்.ஐ.டி. பேராசிரியர் சென் காங் மீதான வழக்கு 2022 ஜனவரியில் கைவிடப்பட்டது. மறுமாதமே திட்டமும் முடிவுக்கு வந்தது. இவர்கட்கெல்லாம் முன்னோடி ஒருவர் உண்டு. ஏவுகணை அறிஞர் சியான் சுயசென் 1950இல் ஐயத்துக்கு ஆளாகி ஐந்தாண்டுகள் கண்காணிப்பில் இருந்து, 1955இல் சீனத்துக்கு அனுப்பப்பட்டார். சீனத்தின் ஏவுகணைத் திட்டம் அவர் கையாலேயே உருவாயிற்று. ஆயிரம் ஒற்றரை அனுப்பியும் பெறற்கரியதை அமெரிக்காவே கப்பலேற்றி அனுப்பிவைத்தது.

புலவரை ஒற்றரெனப் பிழைபடக் கொள்வது நம் இலக்கியம் அறிந்த செய்திதான். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்ல முற்பட்டான். கோவூர்கிழார் பாடித் தடுத்தார். பகை நாட்டிலிருந்து வந்தான் என்பதே இளந்தத்தன் மீதிருந்த சான்று. அமெரிக்காவை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கிக்கொள்ளவும் வழியில்லை. 1962 போரின்போது, இந்நாட்டில் தலைமுறையாக வாழ்ந்துவந்த சீன வழியினர் ஏறத்தாழ 3,000 பேரை இந்திய அரசு இராசத்தானத்தின் தேவ்லி முகாமில் அடைத்தது. அவருள் குழந்தைகளும் இருந்தனர், முதியோரும் இருந்தனர். அசாமிலும் வங்கத்திலும் கடை வைத்துப் பிழைத்த குடும்பங்கள் பல, விடுதலை பெற்ற பின்னர்த் தம் வீட்டையும் கடையையும் மீளக் காணவில்லை. அவர்களுக்காகப் பாடக் கோவூர்கிழார் எவரும் அன்று எழவில்லை.

சீனம் உளவு பார்ப்பதில்லை என்று இக்கட்டுரை சொல்வதாக எவரும் கொள்ளற்க. மிகுதியாகவே பார்க்கிறது. 2015இல் அமெரிக்கக் கூட்டரசுப் பணியாளர் அலுவலகத்தின் கணினிகளிலிருந்து 2 கோடியே 15 இலட்சம் பேரின் ஆவணங்கள் களவுபோனதை அமெரிக்க அதிகாரிகள் சீனத்தின்மேல் சாற்றினர். விரல்ரேகைகள் மட்டும் 56 இலட்சம் பேருடையவை. 2010 முதல் 2012 வரை சீனத்தில் சி.ஐ.ஏ.வின் ஒற்றர் வலையே அறுக்கப்பட்டது என்றும், குறைந்தது பன்னிருவர் கொல்லப்பட்டனர் என்றும் நியூயார்க் டைம்ஸ் 2017இல் எழுதியது. இவையெல்லாம் கைதேர்ந்த அமைப்புகளின் வேலை. ஓராயிரம் பேர் துண்டை உதறி இவற்றைச் செய்ய முடியாது. மற்றொரு புறம், முதலாளியின் வரைபடத்தைத் திருடிச் சீனத்தில் தொழில் தொடங்கப் போன பொறியாளரும் உண்டு. அவர் திருடர், திருடருக்குரிய தண்டனையே அவருக்குப் போதும். அவரை ஒற்றர் என்றழைத்தால் கணக்கில் எண்ணிக்கை ஏறுமேயன்றி அறிவு ஏறாது.

வெளிநாட்டார் கண்ணுக்கு மிகவும் தப்புவது வேறொன்று. தம்மிடமிருந்து களவுபோவதையே அவர்கள் எண்ணுகின்றனர். ஆகவே தொழில்நுட்பக் களவே சீன உளவின் முதல் நோக்கம் என்று கருதுகின்றனர். கட்சியின் ஆட்சியைக் காப்பதே அதன் முதற்கடமை. திபெத்தியர், உய்குர் மக்கள், தைவான் ஆதரவாளர், ஃபாலுன் கோங் நெறியினர், மக்களாட்சி வேண்டுவோர் ஆகியோர் உலகில் எங்குச் சென்று ஒதுங்கினாலும் அவர்களைக் கண்காணிக்கச் சீனம் ஆள் தேடுகிறது. 2010இல் ஸ்டாக்ஹோம் நீதிமன்றம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது. சுவீடனில் அடைக்கலம் புகுந்த உய்குர் மக்களைப் பற்றிய செய்திகளை அவர் சீன அதிகாரிகட்குக் கொடுத்துவந்தார். அவரும் உய்குர் இனத்தவரே. வானூர்தி விசிறியின் வரைபடத்துக்குக் கிடைத்த விளம்பரத்தில் நூறிலொரு பங்கும் இவ்வழக்குக்குக் கிடைக்கவில்லை. ஒற்றுக்கு இரையானோர் ஏழை அகதிகள். அவர்களிடம் காப்புரிமை பெற்ற பொருள் ஏதுமில்லை. புகலிடம் கொடுத்த நாடுகளிலோ அவர்களே ஐயக்கண்ணுக்கும் ஆளாகின்றனர்.

சீனரும் இப்போது வெளிநாட்டாரை இதே கண்கொண்டே நோக்கத் தொடங்கியுள்ளனர். ஒற்றெதிர்ப்புச் சட்டத்தை 2023இல் விரிவுபடுத்தினர். அவ்வாண்டே அரசுப் பாதுகாப்பு அமைச்சகம் வீச்சாட் தளத்தில் தனக்கெனப் பக்கம் திறந்து, அயலாரிடம் விழிப்பாயிருங்கள் என்று குடிமக்களை எச்சரிக்கலாயிற்று. அதற்கு முன்னரே, 2016 ஏப்ரலில் பெய்ஜிங் தெருக்களின் அறிவிப்புப் பலகைகளில் 'ஆபத்தான காதல்' என்னும் சித்திரக்கதை ஒன்று ஒட்டப்பட்டது. அரசு அலுவலகத்தில் பணிபுரியும் இளம்பெண் ஒருத்தி விருந்தொன்றில் அயல்நாட்டான் ஒருவனைச் சந்திக்கிறாள். அவன் மலர்க்கொத்துத் தருகிறான். பூங்காவில் உலவ அழைக்கிறான். அலுவலக ஆவணங்களைக் கேட்டு வாங்குகிறான். கடைசிப் படங்களில் அப்பெண் காவலர்முன் கைவிலங்குடன் இருக்கிறாள். அயல்நாட்டானின் பெயர் டேவிட். சீனத்துக்கு ஆய்வு செய்ய வந்த அறிஞன் என்றே அவன் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான்.